செஞ்சியில் யாரும் கல்லை அடுக்கவில்லை

அனைவருக்கும் வணக்கம். செஞ்சிக்கோட்டைக்கு நான் முதல்முறை கூட்டிப்போகிறவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "இந்தப் பாறைகளை யார் சார் இப்படி ஒன்றின்மேல் ஒன்றாகத் தூக்கி வைத்தது?" சின்ன வயதில் பேருந்து சன்னல் வழியாகப் பார்த்தபோது எனக்கும் அவை ராட்சசர்கள் விளையாடிவிட்டுப் போட்ட கோலிக்குண்டுகளாகத்தான் தெரிந்தன.

யாரும் வைக்கவில்லை. அவற்றில் பெரும்பாலானவை மேலிருந்து உருண்டு வந்தவையும் இல்லை. இருந்த இடத்திலேயே, மண்ணுக்குள்ளேயே உருண்டையானவை.

கிணறு வெட்டும்போது பார்த்திருப்பீர்கள். மேலே மண், அதற்கடியில் கையால் பிசைந்தால் உதிர்கிற மக்கிய பாறை, அதன் நடுவே கடப்பாரைக்கு மசியாத ஓர் உருண்டைக் கல். செஞ்சியின் கதை முழுவதும் அந்தக் கிணற்றுக்குள்ளே இருக்கிறது. கருங்கல்லில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள் உண்டு. அவை பாறையைப் பெட்டி பெட்டியாகப் பிரித்துவைக்கும். மழைநீர் அந்த வெடிப்புகளில் இறங்கி, ஃபெல்ட்ஸ்பார் என்கிற கனிமத்தை மெல்லக் களிமண்ணாக்கும். பெட்டியின் மூலையை மூன்று பக்கமிருந்து நீர் தாக்கும், விளிம்பை இரண்டு பக்கமிருந்து, முகத்தை ஒரே பக்கமிருந்து. அதனால் மூலைதான் முதலில் போகும். வாயில் போட்ட கற்கண்டும் அப்படித்தானே கரைகிறது! பிறகு மழை மக்கியதை அடித்துப்போக, உருண்டைகள் மட்டும் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்துவிடுகின்றன.

கோட்டைக் குன்றுகளிலேயே உயரமான ராஜகிரியின் படியில் மூச்சு வாங்க உட்காரும்போது பக்கத்துக் கல்லை உற்றுப் பாருங்கள். வெளிறிய மணிகள், கண்ணாடி போன்ற குவார்ட்ஸ், கறுப்புப் புள்ளிகள் எல்லாம் கண்ணுக்கே தெரியும். மணி இவ்வளவு பெரிதாக வளர வேண்டுமென்றால் பாறைக்குழம்பு பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் நிதானமாக ஆறியிருக்க வேண்டும். அது நடந்து ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இதனோடு ஒப்பிட்டால் இமயம் நேற்றுப் பிறந்த பிள்ளை. அப்படியானால் இந்தக் கல்லின் தலைக்குமேல் இருந்த அத்தனை கிலோமீட்டர் பாறையும் எங்கே? மணலாகவும் வண்டலாகவும் போய்விட்டது. ராஜகிரி சுமார் 800 அடி. அது வளர்ந்து உயர்ந்ததல்ல. வெடிப்பு குறைவாக இருந்ததால் தேயாமல் நின்றது, சுற்றியிருந்த நிலம் இறங்கிவிட்டது.

கோட்டை கட்டியவர்களுக்கு இந்த விஞ்ஞானம் தேவைப்படவில்லை, கண் இருந்தது. இரண்டு குண்டுப்பாறைகளுக்கு நடுவே இடைவெளியை மட்டும் அடைத்துச் சுவர் எழுப்பினார்கள். உச்சிக்குச் சற்றுமுன் ஒரு பிளவு வரும். சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதற்கு ஒரு மரப்பாலம், அவ்வளவுதான். பலகையை எடுத்துவிட்டால் எதிரி வெளியே. 1690-இல் வந்த முகலாயப் படை 1698 வரை கீழே கிடந்ததற்கு இந்த வெடிப்புகளுக்கும் பங்கு உண்டு.

ஞாயிற்றுக்கிழமை என்னோடு மலையேற வருகிறவர்கள் விடியும்போதே அடிவாரத்துக்கு வந்துவிடுங்கள். பத்து மணிக்குமேல் பாறை அடுப்பாகிவிடும். வழியில் வழுக்குப்பாறையைக் கல்லால் தட்டிப் பாருங்கள். சில இடத்தில் பானையைத் தட்டியதுபோல் சத்தம் வரும். மேல்தகடு பொருக்காகப் பெயர்ந்து நிற்கிறது என்று அர்த்தம். அதன் ஓரத்தில் மட்டும் கால் வைக்காதீர்கள்.