உண்ணி கணக்கு

நடுவர் ஐயா, ரெண்டு அணியிலயும் இருக்கிற ஜாம்பவான்கள், முன்வரிசைப் பெரியவங்க, பின்வரிசையில முறுக்கு கடிச்சிட்டிருக்கிற சனங்க, எல்லாருக்கும் சேத்து ஒரே வணக்கம், நேரம் கம்மி.

ஒரு பாட்டுக்காரரை உயர்த்துறது திறமையா, மேனேஜரான்னு தலைப்பு. மேனேஜரேன்னு பேச வந்தவன் நான். தலைப்பு கெடக்கட்டும். எதிரணி அண்ணன் எறங்குறப்ப ஒண்ணு சொல்லிட்டுப் போனாரு பாத்தீங்களா, "பாட்டுக்காரன் பால்மாடு, மேனேஜர் அதுல ஒட்டுன உண்ணி"ன்னு. நீங்க எல்லாரும் கை தட்டுனீங்க. நானும் தட்டுனேன், பழக்கதோஷம்.

அண்ணே, எங்க சித்தப்பா ஒரு உண்ணிண்ணே. மெல்லிசைக் குழுவுக்கு மேனேஜரா இருந்தவரு. ஒரு ஆடி மாசம், மாரியம்மன் கோயில் திருவிழா, ராத்திரி ரெண்டு மணிக்குக் கச்சேரி முடிஞ்சுது. அட்வான்ஸ் போக மீதி ஆறாயிரம் வரணும். கமிட்டித் தலைவர் நோட்டா ரெண்டாயிரத்தை நீட்டிட்டு, பாக்கிக்கு ஒரு சாக்குமூட்டையக் காட்டுறாரு. உண்டியல் சில்லறை! நாலணா, எட்டணா, ஒத்த ரூபா, எல்லாத்துலயும் திருநீறு. பாட்டுக்காரர் வேன்ல ஏறிப் படுத்துட்டாரு. சித்தப்பா மேடை ஓரமா துண்ட விரிச்சு எண்ண ஆரம்பிச்சாரு. எண்ணுறாரு, எண்ணுறாரு, நடுவுல ஒரு சட்டை பட்டன் வருது, அதை எடுத்துத் தனியா வைக்கிறாரு, மறுபடி எண்ணுறாரு. மைக்செட்காரன் டியூப்லைட்டக் கழட்டிட்டுப் போயிட்டான். நிலா வெளிச்சத்துல எண்ணுறாரு.

விடிஞ்சு பாத்தா முப்பத்தேழு ரூபா கொறையுது. நேரா தலைவர் வீட்டுக்குப் போயி கதவத் தட்டி எழுப்பிட்டாரு. "ஏய்யா, அம்மனுக்குக் காணிக்கைன்னு எழுதிக்க வேண்டியதுதானே"ன்னாரு தலைவரு. "அம்மன் பாடலீங்களே, எங்க ஆளுல்ல பாடுனாரு"ன்னாரு சித்தப்பா. வாங்கிட்டுத்தான் வந்தாரு.

அந்தப் பக்கம் சரியா கேக்கல போல, திரும்பச் சொல்றேன். விடிய விடிய எண்ணி, தலைவரை எழுப்பி, முப்பத்தேழு ரூபாய வாங்கி, மூட்டையத் தோள்ல போட்டுட்டு வேன்கிட்ட வர்றாரு. உள்ள இருந்து பால்மாடு சோம்பல் முறிச்சுக்கிட்டே கேக்குது, "அண்ணே, இன்னும் டீ சொல்லலையா?"

எந்த ஊர் உண்ணிங்க மாட்டை விட்டு எறங்கி சில்லறை எண்ணும்? சொல்லுங்க!

எல்விஸ் பிரெஸ்லியோட மேனேஜர் கர்னல் பார்க்கரை இழுத்தாரு அண்ணன். பிற்காலத்துல பாதிக்குப் பாதி எடுத்துக்கிட்டாரு, அவ்வளவு பெரிய பாடகர் வெளிநாட்டுக் கச்சேரின்னு போனது கனடாவோட சரின்னாரு. உண்மைதான், நான் மறுக்கல, அந்தாளு உண்ணியில்ல, அட்டை. ஆனா 1961ல லிவர்பூல்ல ரெக்கார்டு கடை வச்சிருந்த பிரையன் எப்ஸ்டீன ஏன் அண்ணன் விட்டுட்டாரு? பாதாள அறை மாதிரி ஒரு கிளப்ல, தோல் ஜாக்கெட்டும் கையில தீனியுமா நாலு பசங்க வாசிச்சிட்டு இருந்தாங்க, பின்னாடி உலகமே கொண்டாடுன பீட்டில்ஸ் குழு. இவரு அவங்களுக்கு மேனேஜராகி, கோட்டு சூட்டு மாட்டிவிட்டு, பாட்டு முடிஞ்சா குனிஞ்சு வணக்கம் வைக்கப் பழக்குனாரு. 1962ல டெக்காங்கிற ரெக்கார்டு கம்பெனி வேணாம்னு தள்ளுச்சு. அப்பவும் அதே பீட்டில்ஸ்தான், அதே திறமைதான், திறமை மட்டும் போதும்னா டெக்கா ஏங்க தள்ளுச்சு? கம்பெனி கம்பெனியா டேப்பைத் தூக்கிட்டு அலைஞ்ச ஆளு, 1967ல செத்தப்ப வயசு 32. வேணாம், அதுக்குள்ள போனா எனக்குத் தொண்டை அடைக்கும்.

நம்ம எம்.எஸ். அம்மாவுக்கு வருவோம். சதாசிவம் புருஷன்தானே, மேனேஜர் எங்கன்னு கேப்பாரு அண்ணன். எந்த மேடை, என்ன பாட்டு, எதுக்கப்புறம் எது, எல்லாம் அவரு யோசிச்சு வச்சதுங்க. ரொம்பக் கட்டுப்படுத்துனாருன்னும் சொல்றாங்க, இல்லேன்னு நான் சாதிக்க வரல. ஆனா 1997 நவம்பர்ல அவரு போனாரு, அந்தம்மா மேடைக் கச்சேரிய அத்தோட நிறுத்திட்டாங்க. அடுத்த வருஷம் பாரத ரத்னா வருது. குரல் இருக்கு, பேரு இருக்கு, நாட்டுலயே பெரிய விருதும் இருக்கு, முன்வரிசையில உக்காந்து பாக்குற அந்த ஒரு ஆளு இல்ல.

எங்க சித்தப்பாவும் போயிட்டாருங்க. குழு கலைஞ்சு வருஷக்கணக்காச்சு, யாருக்குச் சொல்லிவிடணும்னுகூட எங்களுக்குத் தெரியல. குளிப்பாட்டிக் கெடத்தியிருக்கோம், நெத்தியில வைக்க ஒத்த ரூபா கேக்குறாங்க, ஆளாளுக்குப் பையத் தடவுறோம், நோட்டா வருது. வாசல்ல நரைச்ச தலையோட ஒருத்தர் பஸ்ஸுல வந்த கசங்கலோட நின்னாரு. வேன்ல தூங்குன அதே பாட்டுக்காரர். சட்டைப் பையில இருந்து ஒத்த ரூபாய எடுத்து, வேட்டியில தொடச்சு, அவரே நெத்தியில ஒட்டிட்டு, காதுகிட்டக் குனிஞ்சு, "அண்ணே, கணக்கு சரியா இருக்கான்னு பாத்துக்கங்கண்ணே"ன்னாரு. ஒரு பாட்டு பாடுங்கன்னு யாரோ சொன்னாங்க. வாயத் தொறந்தாரு, குரல் வரல.

மணியடிக்க வேணாம் நடுவர் ஐயா, நானே எறங்கிடுறேன். வணக்கம்.