ஹைபீம் போட்டா பனிதான் தெரியும்

(கொடைக்கானல் பட்டிமன்றம். தலைப்பு: "பறக்கும் தட்டு பற்றிய அரசு விசாரணைகளால் மக்களுக்கு மிஞ்சுவது தெளிவே! குழப்பமே!" 'தெளிவே' அணியின் இரண்டாம் பேச்சு.)

நடுவர் ஐயாவுக்கும், கம்பளிக்குள்ள கையை ஒளிச்சு வச்சிருக்கிற உங்களுக்கும் வணக்கம். எல்லார் பேரையும் சொன்னா அதுக்கே மணி அடிச்சிருவாரு, அதனால நேரா சண்டைக்கு வர்றேன்.

எதிரணி அண்ணன் உக்காரும்போது ஒரு போடு போட்டாரு. "பெருமாள்மலையில பனி இறங்கினா எதிர்ல வர்ற வத்தலக்குண்டு பஸ்ஸே இவங்க கண்ணுக்குத் தெரியாது. அமெரிக்காக்காரன் வானத்துல தெளிவு இருக்காம்!" நீங்க கை தட்டுனீங்க. நல்லாத்தான் இருந்துச்சு, நானும் தட்டுனேன்.

ஆனா அண்ணே, அந்த பஸ்ஸு பத்திரமா வந்து சேருதே, அது எப்படி? பனியில டிரைவர் ஹைபீம் போடுவாரா? போட்டா என்ன ஆகும்? பனிங்கிறது பொடிப்பொடித் தண்ணி. ஒவ்வொரு துளியும் வெளிச்சத்தை வாங்கி அவரு கண்ணுலயே திருப்பி அடிக்கும். முன்னால ரோடு இருக்காது, வெள்ளைச் சுவருதான் நிக்கும். அதனால அவரு டிம் பண்ணுவாரு, தாழ்வா இருக்கிற பனி விளக்கைப் போடுவாரு, ஓரத்து வெள்ளைக் கோட்டைப் புடிச்சுக்கிட்டு வளைவுக்கு வளைவு ஹாரன் அடிச்சு இறங்குவாரு.

பறக்கும் தட்டு விசாரணையும் அப்படித்தான். 2023 ஜூலை 26-ல அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால டேவிட் கிரஷ்னு ஒரு முன்னாள் உளவு அதிகாரி, மனுசன் அல்லாத உயிர்ப்பொருளே கிடைச்சிருக்குன்னு சொன்னாரு. உலகமே வாயப் பொளந்துச்சு. கண்ணால பார்த்தீங்களான்னா, இல்ல, நாப்பது பேருக்கு மேல விசாரிச்சதுல கேட்டதுன்னாரு. அதுதான் ஹைபீம்! அண்ணன் அந்த வெளிச்சத்துல கண்ணு கூசி அங்கயே வண்டியை நிறுத்திட்டாரு. கொஞ்சம் டிம் பண்ணுங்கண்ணே, ரோடு தெரியும்.

2020 ஏப்ரல்ல அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன், விமானிங்க எடுத்த மூணு வீடியோவை அதிகாரபூர்வமா வெளியிட்டுச்சு. அதுல ஒண்ணுக்குப் பேரு 'கோ ஃபாஸ்ட்'. கடலுக்கு மேல ஒரு வெள்ளைப் புள்ளி பிச்சுக்கிட்டுப் பறக்கும். ஆனா திரையோட ஓரத்துல நம்பரும் சேர்ந்தே வந்துருச்சு. விமானம் 25,000 அடி உயரத்துல. கேமரா கீழ்நோக்கிச் சுமார் 35 டிகிரி. புள்ளி இருக்கிற தூரம் 3.4 கடல் மைல், அதாவது 20,600 அடிக்குப் பக்கம். பத்தாம் வகுப்பு சைன் கணக்கு போடுங்க: புள்ளி விமானத்துக்கு ஏறக்குறைய 12,000 அடி கீழ. அப்ப அது கடலை ஒட்டிப் பறக்கல, 13,000 அடி உயரத்துல நிக்குது! பஸ் ஜன்னல் வழியா நடுவுல நிக்கிற ஒத்தை யூக்கலிப்டஸ் மரத்தையே பார்த்துக்கிட்டு வாங்க, பின்னால இருக்கிற மலை ஓடும். அதே கதைதான். ஓடுனது விமானம், பழி புள்ளி மேல. நாசா குழு கணக்குப் போட்டு மணிக்குச் சுமார் 40 மைல்னு 2023 செப்டம்பர்ல சொல்லிருச்சு. காத்துல மிதக்கிற சாமானுக்கு அது போதும். நம்பரை மறைச்சிருந்தா இந்தக் கணக்கை யாரு போட்டிருப்பா?

சரி, அமெரிக்காவை விடுங்க. நம்ம லடாக்குக்கு வாங்க.

2012 ஆகஸ்டுலருந்து 2013 பிப்ரவரி வரைக்கும் எல்லையில ஒரு ஏரிக்கு மேல விளக்கு மாதிரி ரெண்டு சாமான் வந்து வந்து போச்சு. சீன ட்ரோன்னு சந்தேகம். நம்ம ராணுவம் குறிச்சு வச்ச காட்சி 329. அதுல எல்லை தாண்டுனதுன்னு எழுதுனது 155! ஒண்ணு சாயங்காலம் வந்து ராத்திரி முழுக்க நிக்குது, இன்னொண்ணு விடியுறதுக்கு முன்னால வருது. கடைசியில வானியல் விஞ்ஞானிகளைக் கூப்பிட்டாங்க. அவங்க பார்த்தது ஒண்ணே ஒண்ணுதான்: பக்கத்து நட்சத்திரங்களோட சேர்ந்து நகருதா, விட்டுட்டுத் தன் போக்குல போகுதா? சேர்ந்து நகர்ந்தா வானத்துச் சாமான், தனியாப் போனா நம்ம பூமிச் சாமான். பார்த்தா, சேர்ந்தே நகருது. ஊடுருவுனது யாரு தெரியுமா? ஒருத்தர் வியாழன். இன்னொருத்தர் வெள்ளி!

அந்த நோட்டைக் கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. "வியாழக்கிழமை எல்லை தாண்டுனது யாரு?" "வியாழன் சார்!" "வெள்ளிக்கிழமை?" "வெள்ளி சார்!" "சனி, ஞாயிறு?" "அது லீவு சார்!" நம்ம ஊர்ல குருப் பெயர்ச்சின்னா கோயில்ல அர்ச்சனை. அங்க குருப் பெயர்ச்சிக்கு 155 கம்ப்ளெய்ன்ட்டு!

இதைத் தீர்த்து வச்சது யாருங்கிறீங்க? இந்திய வான் இயற்பியல் நிறுவனம். நம்ம கொடைக்கானல் அப்சர்வேட்டரியை நடத்துற அதே நிறுவனம்! இப்பத் தட்டுங்கய்யா கையை! பனி ஊருன்னீங்களே அண்ணே, லடாக் வானத்துக்கே பனி விளக்குப் போட்டது நம்ம கொடைக்கானலுக்கு ஒட்டு உறவு!

அண்ணன் இன்னொண்ணும் சொன்னாரு. அமெரிக்க உளவுத்துறையோட 2021 ஜூன் அறிக்கையில 144 புகார்ல ஒண்ணே ஒண்ணுக்குத்தான் விடை, அதுவும் காத்து இறங்குன பலூன்னு. உண்மைதான். மத்ததுக்கு ஏன் விடை இல்ல? தகவல் பத்தல. தூரம் இல்ல, கோணம் இல்ல, நேரம் இல்ல. அப்ப இன்னும் திறங்கன்னுதானே கேக்கணும்? இழுத்து மூடுங்கன்னா எப்படி?

ஐயா மணியை எடுத்துட்டாரு. ஒரு நிமிஷம்யா.

இவ்வளவு நேரம் உங்களைச் சிரிக்க வச்சேன். எதை வச்சு? அந்த லடாக் நோட்டை வச்சு. அந்தக் குளிர்ல காவல் நின்னவன் யாரு வீட்டுப் பிள்ளையோ. பழனிப் பக்கத்துப் பிள்ளையாக்கூட இருக்கலாம். வெரல் விறைச்ச ராத்திரியிலயும் மணியைப் பார்த்து, திசையைப் பார்த்து, எழுதுனான். சிரிப்பாங்கன்னு பயந்து எழுதாம விட்டிருந்தா? அந்தப் பயத்தைத்தான் ரையன் கிரேவ்ஸ்ங்கிற விமானி அதே 2023 விசாரணையில சொன்னாரு: பார்த்த விமானிங்க வெளிய சொல்லப் பயப்படுறாங்கன்னு. வேலை போயிருமோ, பைத்தியம்னு சொல்லிருவாங்களோன்னு. தப்பா எழுதுனாலும் எழுதி வச்சானே அந்தப் பையன், அவன் கிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்.

நம்ம மலை மேல 1904-லருந்து சூரியனைப் படம் புடிச்சு வச்சிருக்காங்க. அந்தக் குளிர்ல எந்திரிச்சுப் போயி போட்டோத் தகட்டை மாட்டுன ஆளுங்க பேரு இந்தக் கூட்டத்துல எத்தனை பேருக்குத் தெரியும்? அவங்க எடுத்த படமெல்லாம் இன்னைக்கு டிஜிட்டலாகி, உலகத்துல யாரு வேணா எடுத்துப் பார்க்கலாம்னு திறந்து கிடக்கு. பூட்டி வைக்கணும்னு அவங்க யாருமே... அடிச்சிட்டீங்களாய்யா? சரிய்யா. அண்ணே, இறங்கும்போது டிம்முல போங்க.