மொச்சை வாடை எங்கிருந்து வருகிறது?

நேயர்களுக்கு வணக்கம். வெள்ளாட்டுக் கறி வாங்கும்போது பலருக்கும் வரும் முதல் சந்தேகம், "மொச்சை அடிக்குமோ?" என்பதுதான். இஞ்சி பூண்டைக் கூட்டிப் போட்டால் அமுங்கும் என்பார்கள். கொஞ்சம் அமுங்கும். ஆனால் அந்த வாடை, ஆடு உயிரோடு இருக்கும்போதே, கடைசி இரண்டு மூன்று மாதத் தீனியிலும் கிடாயின் வயதிலும் முடிவாகிவிடுகிறது.

வாடை பெரும்பாலும் சதையில் இல்லை, கொழுப்பில் இருக்கிறது. செம்மறிக் கறியின் வாடைக்குக் காரணம் கிளைவிட்ட சில கொழுப்பு அமிலங்கள், முக்கியமாக 4-மெத்தில் ஆக்டனாயிக் அமிலம், என்று 1975-இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். வெள்ளாட்டில் அதோடு 4-எத்தில் ஆக்டனாயிக் அமிலமும் சேர்கிறது. பருவத்துக்கு வந்த கிடாயின் பக்கத்தில் போனாலே மூக்கில் ஏறுகிறதே, அதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. மிக மிகக் குறைந்த அளவே மூக்குக்குத் தெரிந்துவிடும்.

தீனி இங்கே எப்படி நுழைகிறது? ஆடு தின்றது நேராக உடம்பில் சேர்வதில்லை. முதல் வயிற்றில் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைக்கின்றன. தழை, தட்டை தின்றால் அசிட்டிக் அமிலம் அதிகம். மக்காச்சோளம், அரிசி, கம்பு என்று தானியம் ஏறினால் புரோப்பியானிக் அமிலம் ஏறும். கல்லீரல் சமாளிக்கும் அளவைத் தாண்டினால், மிச்சம் கொழுப்பு உருவாகும் இடத்தில் புகுந்து கிளைவிட்ட அமிலமாகிறது. அப்போது கொழுப்பு கெட்டியாக இல்லாமல் விரலில் பிசுபிசுக்கும். புரோப்பியானிக் அமிலத்தைக் கையாள பி12 வைட்டமின் வேண்டும். பி12 செய்ய வயிற்று நுண்ணுயிர்களுக்குக் கோபால்ட் வேண்டும். தாது உப்பை வீண் செலவு என்று நிறுத்துபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அதற்காக, மேய்ச்சல் ஆடு என்றாலே வாசம் நன்றாக இருக்கும் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மழைக்குப் பின் தளதளவென்று முளைத்த புல்லில் புரதம் சட்டென்று உடைந்து, அதிலிருக்கும் டிரிப்டோபன் என்ற அமினோ அமிலம் ஸ்கேட்டோல் ஆகிறது. சாணி வாடை தரும் பொருள் அது, கொழுப்பில் தங்கும். ஆகவே காலையில் வெறும் வயிற்றோடு ஈரப்புல்லில் விடாமல், முதலில் கடலைக்கொடியோ சோளத்தட்டையோ போடுங்கள். துவர்ப்புள்ள தழைகளும் காய்களும் புரதம் உடையும் வேகத்தைக் குறைக்கும். கருவேலங்காய்க்கு ஆடுகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள், அதிலும் அந்தத் துவர்ப்பு உண்டு. மேய்ச்சலின் லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. பச்சைத் தழையின் வைட்டமின் ஈ கறியில் சேர்ந்து, சிவப்பு நிறம் சீக்கிரம் பழுப்பாகாமல் காக்கும். ஒமேகா-3 கொழுப்பும் கொஞ்சம் கூடும்.

கொட்டிலில் வளர்ப்பவர்களுக்கு ஒரு கலவை: மக்காச்சோளம் 40 பங்கு, தவிடு 37, கடலைப் பிண்ணாக்கு 20, தாது உப்பு 2, சாதாரண உப்பு 1. 20 கிலோ ஆட்டுக்கு நாளொன்றுக்கு 200 முதல் 250 கிராம் போதும். பத்து நாள் எடுத்து, சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். மீதி வயிறு தழையாலும் உலர்தீவனத்தாலும் நிறையட்டும். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை அண்டாவோடு கவிழ்ப்பது மட்டும் வேண்டாம். வயிறு புளித்து, உப்பி, ஆடு ஒரே நாளில் சாகலாம். அதற்குப் பிறகு வாசனையைப் பற்றிப் பேசி என்ன பயன்?

கோழி வேறு கணக்கு. அதற்கு அசைபோடும் வயிறு கிடையாது. தின்ற கொழுப்பு ஏறக்குறைய அப்படியே உடம்பில் சேரும். கருவாட்டுத் தூள் போட்டால் கறியில் கவுச்சி அடிக்கும். விற்பதற்கு இரண்டு வாரம் முன்பே அதை நிறுத்திவிடுங்கள்.

கிடாய்க்குத் திரும்புவோம். கறிக்கு வளர்ப்பதை இரண்டு மூன்று மாதத்திலேயே காயடித்துவிடுவது நல்லது. பர்டிசோ இடுக்கியால் கால்நடை மருத்துவர் ஒவ்வொரு விதைநரம்பாகத் தனித்தனியே நசுக்குவார். இரண்டு நசுக்கல் கோடும் நடுவில் சேர்ந்துவிட்டால் ரத்த ஓட்டம் நின்று விதைப்பையே அழுகும். நரம்பு விலகித் தப்பிவிட்டால் கிடாய் கிடாயாகவே இருக்கும். ஒன்றரை மாதம் கழித்துத் தொட்டுப் பாருங்கள், விதை சுருங்கியிருக்க வேண்டும். காயடித்தது கொஞ்சம் மெதுவாக வளரும், கொழுப்பும் கூடப் போடும். அந்த நஷ்டத்தை வாடை குறைவது ஈடுகட்டும் என்பது என் கணிப்பு.

சந்தையிலிருந்து வண்டியில் நெருக்கி ஏற்றிவந்த ஆட்டை உடனே அறுக்காதீர்கள். பதற்றத்தில் சதையிலுள்ள சர்க்கரைச் சத்து தீர்ந்திருக்கும். அறுத்த பின் கறியில் இயல்பாக ஏற வேண்டிய புளிப்பு ஏறாது. கறி கருத்து, சீக்கிரம் கெடும். தண்ணீர் வைத்து ஓர் இரவு நிறுத்துங்கள். உரிக்கும்போது மயிர்ப்பக்கம் பட்ட கை, கழுவாமல் கறியைத் தொடக்கூடாது. நல்ல ஆட்டுக்கும் அந்தக் கை மொச்சையை ஏற்றிவிடும்.

வாங்குபவர்களுக்கு ஒரு சோதனை. குண்டிக்காயைச் சுற்றியுள்ள கொழுப்பில் நகமளவு கேட்டு வாங்குங்கள். வெள்ளையாக, கெட்டியாக இருக்கிறதா என்று விரலில் நசுக்கிப் பாருங்கள். பிறகு சூடான இரும்புச் சட்டியில் போட்டு, உருகும்போது எழும் ஆவியை முகர்ந்து பாருங்கள். குழம்பு எப்படி மணக்கும் என்று அதிலேயே தெரிந்துவிடும்.