ஜிப்சம் வாங்குவதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம்.

"தோட்டத்தில் வெள்ளை பூத்துவிட்டது, ஏக்கருக்கு எத்தனை மூட்டை ஜிப்சம் போடலாம்?" திருநெல்வேலி மாவட்டத்து ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் போனால் முதலில் காதில் விழும் கேள்வி இது. ஜிப்சம் என்பது மண்ணைத் திருத்தப் போடும் தாதுப்பொடி. அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: உங்கள் நிலம் உவரா, களரா?

உவர் நிலத்தில் உப்பு மேலே வெள்ளையாகப் படியும். மண் பொலபொலவென்றுதான் இருக்கும். ஈரம் இருந்தும் பயிர் வாடும். களர் நிலம் வேறு. காய்ந்தால் கல்லாக இறுகும், நனைந்தால் வழுக்கும். மழை பெய்தபின் தேங்கும் தண்ணீர் நாள் கணக்கில் கலங்கலாகவே நிற்கும். களிமண்ணில் சோடியம் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் காரணம். மண் ஆய்வில் கார அமில நிலை (pH) 8.5-க்கு மேல் போனால் களர் என்று சந்தேகிக்கலாம். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசைமன்ஸைத் தாண்டினால் உவர். இரண்டும் சேர்ந்த நிலமும் உண்டு.

களருக்குத்தான் ஜிப்சம். அதிலுள்ள கால்சியம் சோடியத்தை வெளியே தள்ளும். தள்ளிய சோடியம் தண்ணீரோடு வடிந்து போக வேண்டும். வடிகால் வெட்டாமல் மூட்டை மூட்டையாகக் கொட்டினால் காசு போனதுதான் மிச்சம். வெறும் உவருக்கு ஜிப்சம் வேண்டாம். நல்ல தண்ணீர் கட்டி வடித்தால் போதும்.

அந்த நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? தாமிரபரணிப் பாசனம் எட்டாத ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழைதான். அதற்குள் வரப்பை உயர்த்தி, பாத்தி பிரித்து, வடிகால் வெட்டி வையுங்கள். களர் என்று தெரிந்தால் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் சமயத்தில் மடக்கி உழுங்கள்.

மண்ணுக்கு மண் பாடு வேறு. இட்டமொழித் தேரி என்னும் செம்மணல் மேட்டில் ஒரு நல்ல மழையே உப்பைக் கீழே இறக்கிவிடும். அங்கே ஆபத்து, கடலோர ஆழ்குழாய்க் கிணறுகளில் ஏறும் உப்புத் தண்ணீர். கோவில்பட்டிக் கரிசலோ நீரை விடாமல் பிடித்து வைக்கும், உப்பையும் அப்படித்தான். ஒரே மாதிரி உப்புக் கரிக்கும் சவர்த் தண்ணீர் தேரியில் முருங்கையை வாழவைக்கும், கரிசலில் நாலைந்து வருஷத்தில் நிலத்தைக் கெடுத்துவிடும்.

சொட்டுநீர் போட்டவர்களுக்கு ஒன்று. ஈரம் முடியும் ஓரத்தில் உப்பு வளையமாகச் சேரும். சிறுதூறல் அதை வேருக்குள் இறக்கிவிடும். ஆகவே தூறும்போது மோட்டாரை நிறுத்தாதீர்கள்.

மாதிரி எடுக்கும்போது உப்புப் பூத்த இடத்து மண்ணைத் தனிப்பையில் போடுங்கள். நல்ல இடத்து மண்ணோடு கலக்க வேண்டாம். கிணற்றுத் தண்ணீரையும் மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டபின் ஒரு பாட்டிலில் பிடித்து, இரண்டையும் சேர்த்தே ஆய்வுக்குக் கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.