விழுந்த அன்னைக்கு ராத்திரி எப்படி ஜெபிக்கிறது?

எல்லாருக்கும் இயேசுவின் நாமத்துல ஸ்தோத்திரம். நாம தேவனுடைய பிள்ளைகள்னு ஞாயித்துக்கிழமை பாடுறோம். ஆனா பாவத்துல விழுந்த அன்னைக்கு ராத்திரி ஜெபம் எப்படி இருக்கு? "ஆண்டவரே, இந்த ஒரு தடவை மன்னியும், நாளையிலேர்ந்து உபவாசம் இருக்கேன்." இது பேரம்ங்க. பிள்ளை அப்பாகிட்ட இப்படிப் பேசாது.

லூக்கா 15 எடுங்க. இயேசு சொன்ன கதை: அப்பாவோட சொத்துல தன் பங்கை வாங்கிட்டுப் போய் அழிச்ச இளைய மகன், பன்றி மேய்க்கிற இடத்துலயே அப்பாகிட்ட பேசவேண்டியதைத் தயார் பண்றான். 19ஆம் வசனத்துல அதோட கடைசி வரி: "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்." இப்ப 21 வாசிங்க. அந்த வரி மட்டும் இல்ல! அதுக்குள்ள அப்பா வஸ்திரம், மோதிரம், பாதரட்சைன்னு கேட்க ஆரம்பிச்சிட்டார். நம்ம ஜெபமும் 21லயே நிக்கட்டும். செஞ்ச பாவத்தைப் பேர் சொல்லி அறிக்கை பண்ணுங்க. பொதுவா "என் குறைகளை மன்னியும்"னு சொன்னா மனசு ஆறாது. அப்புறம் பாவத்தை அறிக்கை பண்ணினா அவர் மன்னிப்பார்னு சொல்ற 1 யோவான் 1:9ஐச் சத்தமா வாசிச்சு, நன்றி சொல்லி எழுந்திரிங்க. 19ஐ நீங்களா சேர்க்காதீங்க.

மூத்த மகனையும் விட்டுடாதீங்க. வீட்டுக்குள்ளயே இருந்துக்கிட்டு, இத்தனை வருஷம் உழைச்சேனே, ஒரு ஆட்டுக்குட்டி கூட தரலையேன்னு கணக்குப் பார்க்கிறான். ஊழியத்துல இருக்கிறவங்களுக்கு வர்ற வியாதி இது.

ரோமர் 8:15ல பவுல் புத்திரசுவிகாரம், அதாவது பிள்ளையா தத்தெடுக்கிறதுன்னு எழுதுறது ரோமாபுரிக்காரங்களுக்கு. அவங்க சட்டத்துல தத்துப்பிள்ளைக்கு அப்பாவோட பேரும் சுதந்தரமும் முழுசா வரும். ரோமப் பேரரசர் அகுஸ்துராயன் கி.பி. 4ல திபேரியுவைத் தத்தெடுத்தார். கி.பி. 14ல அந்தப் பிள்ளைதான் இராயன். அவரை யாரும் பாதி மகன்னு சொல்லல.

சரி, பிள்ளையா நடக்கிறது? எபேசியர் 5:1, "பிரியமான பிள்ளைகளைப்போல". அதுக்கு முன்னாடி 4:25லேர்ந்து 32 வரைக்கும் பொய், கோபம், திருட்டு, கெட்ட வார்த்தை, கசப்பு எல்லாம் வருது. ஒரு ராத்திரிக்கு ஒண்ணே ஒண்ணு எடுங்க. மொத்தத்தையும் ஒரே நாள்ல எடுத்தா திரும்பக் கூலிக்காரன் கணக்குதான் ஓடும். கோபம்னா, தூங்கறதுக்கு முன்னாடி அந்த ஆளுக்கு ஒரு போன் போடுங்க.

அப்பான்னாலே பயம் வர்ற பிள்ளைகள் இதைப் பார்த்துட்டு இருப்பீங்க. நீங்க உங்க அப்பாவை வச்சு பிதாவை நினைக்கவேண்டாம். யோவான் 17:23லேர்ந்து ஆரம்பிங்க. பிதா இயேசுவை நேசிச்ச அதே மாதிரி உங்களையும் நேசிக்கிறார்னு இயேசுவே ஜெபத்துல சொல்றார். இந்த வாரம் அந்த ஒரு வசனம் மட்டும் போதும்.