மக்காச்சோளக் கதிருக்கு வரிசை எண்ணும் மரபணுக்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

அடுத்த முறை மக்காச்சோளக் கதிர் கையில் கிடைத்தால், கடிப்பதற்கு முன் அதைச் சுற்றி எத்தனை மணி வரிசைகள் என்று எண்ணிப் பாருங்கள். 12, 14, 16 என இரட்டைப்படையில்தான் வரும். 15 வந்தால் இன்னொரு முறை எண்ணுங்கள்! கதிரில் பூக்கும் சிறுகதிர்கள் ஜோடி ஜோடியாகவே பிறப்பதுதான் காரணம். ஒவ்வொரு சிறுகதிரிலும் இரண்டு பூக்கள் அரும்பும். கீழ்ப்பூ வளராமல் நின்றுவிடும், மேல்பூ ஒரு மணியாகும்.

எத்தனை ஜோடி என்பது, கதிர் இலையுறைக்குள் சில மில்லிமீட்டர் அளவில் ஒளிந்திருக்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது. அதன் நுனியில் ஸ்டெம் செல்கள், அதாவது புது உறுப்புகளுக்கு ஆதாரமான மூலச் செல்கள், ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கும். நுனி அகன்றால் வரிசை கூடும். அகலத்துக்கு எல்லை வகுப்பது மரபணுக்கள். வுஷல் என்ற மரபணு ஸ்டெம் செல்களைப் பெருக்கச் சொல்லும்; கிளாவாட்டா என்ற ஏற்பிப் புரதங்களின் (சேதியை வாங்கிக்கொள்ளும் புரதங்களின்) குழு அதற்குப் பிரேக் போடும். இந்த இரண்டும் முதலில் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் தெரியவந்தவை.

மக்காச்சோளத்திலும் அதே பிரேக் உண்டு என்பதை நியூயார்க் மாநிலத்தின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் டேவிட் ஜாக்சன் குழுவினர் 2001-இல் காட்டினார்கள். மரபணுவின் பெயர் ஃபியா2. அது அடியோடு பழுதானால் ஸ்டெம் செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, கதிர் தட்டையாக, நுனி விரிந்து, மணிகள் தாறுமாறாக அமைந்துவிடும். பார்க்கப் பெரிதுதான், ஆனால் விவசாயிக்கு உதவாது.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதற்குப் பிறகுதான். பிரேக்கைக் கழற்றாமல் கொஞ்சம் தளர்த்தினால்? ஃபியா2 பாதி வேலை செய்யும்படி மாறிய செடிகளில், கதிர் ஒழுங்கு கெடாமலே வரிசைகள் கூடின. இது 2013-இல் வெளியானது. 2016-இல் இன்னொரு பிரேக்கும் அகப்பட்டது, ஃபியா3. நுனிக்குக் கீழே புதிதாக முளைக்கும் உறுப்புகள், "போதும், பெருகாதே" என்று மேலே அனுப்பும் சேதியை அது வாங்கிக்கொள்கிறது. பிள்ளை தாயை அடக்குகிற கதை! 2021-இல், இத்தகைய சேதிகளைத் தயாரிக்கும் மரபணுக்களுக்கு முன்னால் இருந்து அவை எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று கட்டுப்படுத்தும் பகுதியைக் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் மாற்றியும் மணி வரிசையைக் கூட்டினார்கள்.

வரிசை கூடினாலே மகசூல் கூடிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். மணி சிறுத்தாலோ கதிர் குட்டையானாலோ லாபம் அங்கேயே போய்விடும். வயலில் எடை போட்டுப் பார்த்தால்தான் கணக்கு.

ஆண் பூ, பெண் பூ விஷயத்திலும் மக்காச்சோளம் நிறுத்தித்தான் காரியம் சாதிக்கிறது. தொடக்கத்தில் எல்லாப் பூக்களிலும் சூலகமும் மகரந்தத் தாள்களும் சேர்ந்தே அரும்பும். கதிரில் மகரந்தத் தாள்கள் நின்றுபோகும், உச்சிப் பூங்கொத்தில் சூலகம் நின்றுபோகும். உச்சியில் சூலகத்தை நிறுத்துவது ஜாஸ்மோனிக் அமிலம் என்ற தாவர ஹார்மோன். அதைத் தயாரிக்கத் தேவையான டாசல்சீட்1 மரபணு பழுதானால் உச்சியிலேயே மணி பிடிக்கும். அந்த அமிலத்தை வெளியிலிருந்து கொடுத்தபோது உச்சிப் பூக்கள் மறுபடியும் ஆண் பூக்களாயின.

உங்கள் வயலில் உச்சியில் மணி கட்டிய செடி ஒன்றிரண்டு தென்பட்டால் விதை கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். அது செடியின் அடியிலிருந்து கிளம்பிய பக்கக் கிளையா (தூரா) என்று முதலில் பாருங்கள். பக்கக் கிளைகளில் இப்படி வருவது சகஜம்.

நன்றி, வணக்கம்.