தீவனமே கதவு

நேயர்களுக்கு வணக்கம். நான் லாரி பாடி கட்டுகிறவன். நாமக்கல்லில் இந்தத் தொழில் எவ்வளவு பெரியது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூடவே கோழிப்பண்ணைகளுக்கு வேண்டிய தகரவேலையும் செய்து வந்தேன். பன்றித் தீவனத் தொட்டியைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம், ஒரே பண்ணைக்காரருக்கு மூன்று முறை தொட்டி செய்து கொடுத்து, அதில் இரண்டு முறை தோற்றவன் நான் என்பதுதான்.

அவர் ராசிபுரம் பக்கம் வெண்பன்றி வளர்க்கிறவர். என்னைவிட மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். ஒருநாள் பட்டறைக்கு வந்து, "தம்பி, கோழிக்குச் செய்யற மாதிரியே எனக்கும் ஒண்ணு செஞ்சு குடு. தீனி தானா இறங்கணும், ஆனா கீழ சிந்தக்கூடாது" என்றார். ஒரே வரியில் சொல்லிவிட்டார். அந்த ஒரு வரியைத் தகட்டில் கொண்டுவர எனக்கு ஒன்றரை வருடம் ஆனது.

முதலில் சிந்துவதன் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பன்றி வளர்ப்பில் ஆகும் செலவில் நூற்றுக்கு 60 முதல் 75 ரூபாய் வரை தீவனத்துக்கே போகிறது. 20 கிலோ குட்டி நாளைக்குச் சுமார் ஒரு கிலோ தின்னும், 100 கிலோவை நெருங்கும் பன்றி மூன்று கிலோ தின்னும். சராசரி இரண்டு கிலோ என்று வையுங்கள். அண்ணனிடம் ஒரு தடுப்பில் 40 உருப்படி. நாளைக்கு 80 கிலோ. பத்தில் ஒரு பங்கு சிந்தினால் 8 கிலோ. கிலோ 30 ரூபாய் என்று போட்டாலும் நாளுக்கு 240 ரூபாய், நான்கு மாதத்தில் 28,800 ரூபாய். இத்தனையும் சாணத்தோடு கலந்து கழுவு தண்ணீரில் போய்விடுவதால் யார் கண்ணிலும் படாது. கண்ணில் பட்டிருந்தால் எனக்கு இன்னும் முன்னாலேயே ஆர்டர் வந்திருக்கும்.

சரி, முதல் தொட்டி. 200 லிட்டர் நீல டிரம் ஒன்றை எடுத்து, அடியில் சுற்றிவர இரண்டு அங்குலம் இடைவெளி விட்டு, கீழே ஒரு வட்டத் தட்டு வைத்துக் கொடுத்தேன். கோழிக்குச் செய்வதன் பெரிய வடிவம், அவ்வளவுதான். அன்று இரவே அதைக் கவிழ்த்துவிட்டன. கோழி மேலிருந்து கொத்தும். பன்றி அப்படியில்லை, மூக்கைக் கீழே கொடுத்து மேலே நெம்பும். மண்ணைக் கிளறுவதற்கென்றே அமைந்த மூக்கு அது, உள்ளே எலும்பு இருக்கிறது. தரையோடு சேர்த்து போல்ட் போட்டு இறுக்கினேன். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் ஒன்று தட்டுக்குள்ளேயே படுத்துத் தூங்குகிறது. இரண்டு அங்குல இடைவெளியில் தீவனம் கரைபுரண்டு கொட்ட, மூக்கால் தள்ளித் தள்ளி வெளியே இறைத்திருந்தன.

கொட்டுவது அதிகம் என்றால் ஓட்டையைக் குறைக்க வேண்டியதுதானே என்று இரண்டாவது தொட்டியைச் செய்தேன். இரண்டு பக்கமும் தகட்டைச் சாய்த்து, புனல் மாதிரிப் பெட்டி. அடியில் நீளவாக்கில் ஒரு சந்து, அகலம் 3 நூல். பட்டறை வேலை தெரியாத நேயர்களுக்கு, 8 நூல் சேர்ந்தது ஒரு அங்குலம். இப்போது சிந்தவில்லை. இறங்கவும் இல்லை. மூன்றாம் நாளே போன் வந்தது. பெட்டி நிறையத் தீவனம் இருக்கிறது, கீழே தட்டு காலி, பன்றிகள் கத்துகின்றன.

போய்ப் பார்த்தேன். சந்துக்கு மேலே தீவனம் வளைவுப் பாலம் மாதிரி கட்டிக்கொண்டு நின்றது. அண்ணன் ஒரு கோல் எடுத்துப் பெட்டியைத் தட்டுவார், பொத்தென்று கொஞ்சம் விழும், மறுபடி பாலம். தட்டித் தட்டித் தகடு உள்வாங்கி, அந்தப் பள்ளத்திலும் போய்ச் சிக்கிக்கொண்டது. மாவு மில்லில் ஈரம் போகாத அரிசியைக் கொண்டுபோய்க் கொட்டினால் மில்காரர் கையை எடுக்காமல் தட்டிக்கொண்டே இருப்பாரே, அதே கதைதான்.

அப்போது அவர் ஒரு யோசனை சொன்னார். "பெட்டிய இன்னும் உசரமாக் கட்டு தம்பி. மேல நெறைய இருந்தா அந்தப் பாரத்துல எறங்கிரும்ல?" எனக்கும் அது சரியென்றே பட்டது. தண்ணீர்த் தொட்டி நிறைந்திருந்தால் குழாயில் வேகமாக வரும், தீர்ந்துகொண்டே வந்தால் வேகம் குறையும். தீவனமும் அப்படித்தானே இருக்க வேண்டும்?

அப்படி இல்லை. என் மகள் இன்ஜினியரிங் படித்தவள், அவள்தான் இதை எனக்கு விளங்க வைத்தாள். 1895இலேயே யான்சன் என்ற ஜெர்மானியப் பொறியாளர் தானியக் கிடங்குகளின் அழுத்தத்தை அளந்து இதை எழுதி வைத்திருக்கிறாராம். தானியம் பக்கச் சுவரை உரசிக்கொண்டு நிற்பதால் மேலே உள்ள பாரத்தில் பெரும்பகுதியைச் சுவரே தாங்கிக்கொள்கிறது. ஒரு உயரத்துக்கு மேல் எவ்வளவு கொட்டினாலும் அடியில் அழுத்தம் ஏறுவதில்லை. அதனால் பெட்டி நிறைந்திருந்தாலும் பாதி இருந்தாலும் ஓட்டை வழியாக வரும் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான். மணல் கடிகாரம் நேரம் காட்டுவது இதை நம்பித்தான். பெட்டியை உயர்த்தியிருந்தால் தகடுதான் வீண். தவிடு சேர்ந்த தீவனமாக இருந்தால் இன்னும் இறுகிக்கொள்ளவும் கூடும்.

வேகத்தைத் தீர்மானிப்பது ஓட்டை. அதுவும் நேர்க்கணக்கு இல்லை. 1961இல் பெவர்லூ என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் விதைகளை வைத்துக் கண்ட கணக்குப்படி, வட்ட ஓட்டையின் அகலத்தை இரட்டிப்பாக்கினால் கொட்டும் அளவு ஐந்தரை மடங்குக்கு மேல் ஆகிறது. நீளச் சந்தாக இருந்தால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நான் ஏன் ஒரு முறை வெள்ளத்திலும் மறுமுறை வறட்சியிலும் மாட்டினேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு நூல் கூட்டினாலும் குறைத்தாலும் வித்தியாசம் நாம் நினைப்பதைவிடப் பெரிது.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் மணி மணியாக உருளும் தானியத்துக்குப் பொருந்தும். பன்றித் தீவனம் அரைத்தது. மக்காச்சோளம், சோயா புண்ணாக்கு, அரிசித் தவிடு, எங்கள் பக்கம் மரவள்ளித் திப்பியும், அதாவது கிழங்கில் மாவு எடுத்த பிறகு மிஞ்சும் சக்கையும் உண்டு. களத்தில் நெல் அம்பாரத்தைப் பாருங்கள், சரிந்து பரந்து கிடக்கும். தவிட்டைக் குவித்தால் செங்குத்தாக நிற்கும், கையால் பிடித்தால் பிடி பதியும். எவ்வளவு நைசாக அரைக்கிறோமோ, எவ்வளவு எண்ணெய்ப் பசையும் ஈரமும் இருக்கிறதோ, அவ்வளவுக்கு இறங்க மறுக்கும். ஐப்பசி மழையில் நன்றாக இருந்த தொட்டியே மக்கர் செய்யும்.

மூன்றாவது தொட்டிக்கு முன்னால் நான் தகட்டைத் தொடவில்லை. கொட்டகையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். பன்றி ஒரு வாய் தின்னும், பக்கத்தில் இருப்பது இடிக்கும், இது வாய் நிறைய வைத்துக்கொண்டே பின்னால் வந்து மெல்லும், மெல்லும்போது பாதி கீழே விழும். ஓட்டையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, பாதி நட்டம் இடிபாட்டில் போகிறது என்பது அன்றுதான் தெரிந்தது. இன்னொன்றையும் பார்த்தேன். கீழே விழுந்த தீவனம் குவிந்து சந்தைத் தொட்டதும், மேலே இருப்பது தானாக நின்றுவிடுகிறது. பன்றி அந்தக் குவியலைத் தின்றதும் மறுபடி இறங்குகிறது. அப்படியானால் தனியாகக் கதவு எதற்கு? தீவனம்தான் கதவு. அந்தக் கதவைத் திறக்கும் சாவியைப் பன்றியின் மூக்கில் கொடுத்துவிட்டால் போதும்.

இனி அளவுகள். வீட்டில் செய்து பார்க்க நினைக்கிறவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

பெட்டியின் பின்சுவரை நேராக நிறுத்தினேன், முன்சுவரை மட்டும் 60 டிகிரிக்குச் சாய்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சாய்ந்திருந்தால் பாலம் கட்ட வசதி, ஒரு பக்கம் நேராக இருந்தால் கால் ஊன்ற இடம் கிடைக்காது. உள்பக்கம் வெல்டிங் தடம் ஒன்றுகூட விடாமல் கிரைண்டிங் போட்டு வழவழப்பாக்கினேன். சந்தின் அகலத்தை மாற்றுகிற மாதிரி ஒரு தகட்டை மரைக்கம்பியில் தொங்கவிட்டு, 3 நூலிலிருந்து 10 நூல் வரை ஏற்றி இறக்க வைத்தேன். இதற்குக் கையாலேயே திருகுகிற, இறக்கை வைத்த விங் நட் போடாதீர்கள். பன்றிகள் முட்டும் அதிர்வில் அது தானாகக் கழன்று, காலையில் பார்த்தால் முழுக்கத் திறந்து கிடக்கும். இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கி லாக் செய்ய வேண்டும்.

சாவி என்று சொன்னது ஒரு கம்பி. பெட்டிக்குள் தொங்கி, சந்து வழியாக வெளியே வந்து, தட்டுக்கு மேல் வளைந்து நிற்கும். பன்றி தின்ன வரும்போது மூக்கு அதில் படும், கம்பி ஆடும், உள்ளே பாலம் உடையும், ஒரு பிடி விழும். யாரும் வராத நேரத்தில் ஒன்றும் விழாது. அண்ணனின் கோல் வேலையைப் பன்றியே செய்துகொள்கிறது. இரண்டு நாளில் பழகிவிட்டன. மூக்கை வைத்து இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டுக் காத்திருப்பதைப் பார்க்க எனக்கே சிரிப்பு வந்தது.

ஒவ்வொரு வாய்க்கும் தடுப்பு வைத்தேன், தலையும் தோளும் மறைகிற மாதிரி. 100 கிலோ பன்றியின் தோள் அகலம் 28, 30 சென்டிமீட்டர் வரும், கொஞ்சம் கூட்டி 14 அங்குலம் விட்டேன். இதைவிட அதிகம் விட்டால் இரண்டு சேர்ந்து நுழையப் பார்க்கும், சண்டை. தட்டின் முன்விளிம்பு 5 அங்குல உயரம், விளிம்பிலிருந்து சந்து வரை 10 அங்குல ஆழம். ஆழம் மிஞ்சினால் முன்காலைத் தூக்கி உள்ளே வைத்துவிடும். தட்டின் அடி வளைவாக இருக்க வேண்டும், மூலை இருந்தால் அங்கே தீவனம் தங்கிப் பூசணம் பிடிக்கும். தட்டுக்கு மட்டும் எஸ்.எஸ்., அதாவது துருப்பிடிக்காத எவர்சில்வர் தகடு போடுங்கள். எச்சிலும் உப்பும் புளித்த தீவனமும் சேர்ந்து சாதாரண இரும்பை அரித்துவிடும், என் இரண்டாவது தொட்டி ஒரே வருடத்தில் சல்லடை ஆனது.

தொட்டியை வைத்தால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். சந்தை எத்தனை நூலில் வைப்பது என்று எல்லோரும் என்னைத்தான் கேட்கிறார்கள். என்னால் சொல்ல முடியாது, உங்கள் தட்டுதான் சொல்லும். காலையில் போய்த் தட்டைப் பாருங்கள். ஏறக்குறையப் பாதித் தட்டு தீவனத்தால் மூடியும் மீதி தகடு தெரிந்தும் இருந்தால் சரி. தகடே தெரியாமல் நிறைந்திருந்தால் அரை நூல் குறையுங்கள். நக்கி வைத்தது போலப் பளபளவென்று இருந்தால் கூட்டுங்கள். இறுக்கினால் மிச்சம் என்று சிலர் ஒரேயடியாக இறுக்கிவிடுகிறார்கள். சிந்தாது, உண்மைதான். ஆனால் வயிறும் நிறையாது, எடை ஏறாது, விற்கும் தேதி தள்ளிப்போகும், காத்திருக்கும் எரிச்சலில் ஒன்றின் வாலை ஒன்று கடிக்கும். புதுக் குட்டிகளை விட்ட முதல் சில நாளைக்குத் தாராளமாகத் திறந்து வைத்துப் பழக்கிவிட்டு அப்புறம் குறைக்கலாம். தீவனக் கலவை மாறினால், சல்லடை மாறினால், மழை பிடித்தால், மறுபடி பார்க்க வேண்டும்.

சல்லடை என்றதும் ஒன்று. மக்காச்சோளத்தை நைசாக அரைத்தால் செரிமானம் கூடும், அதனால் தின்பதற்கு ஏற்ற எடை ஏறும். அதற்காக மாவாக்கிவிட்டால் தொட்டியில் இறங்காது என்பது ஒருபுறம், பன்றிக்கு வயிற்றில் புண் வரும். தொட்டி அடைத்துப் பல மணி நேரம் பட்டினி கிடந்தாலும் அதே புண்தான். 3 மில்லிமீட்டர் சல்லடையில் அரைத்தது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

பன்றி வாயால் அழுத்தித் தண்ணீர் குடிக்கும் நிப்பிளைத் தட்டுக்குள்ளேயே வைக்கலாமா என்று கேட்கிறார்கள். வைக்கலாம், நனைத்துத் தின்னும்போது வேகமாகத் தின்னும், கொஞ்சம் அதிகமாகவும் தின்னும், தண்ணீரும் வீணாகாது. ஆனால் தீவனம் நேராகத் தட்டில் விழக்கூடாது. நடுவில் ஒரு பலகைபோலத் தகடு வைத்து அதன்மேல் விழச் செய்து, அங்கிருந்து பன்றி தானே தண்ணீர்ப் பக்கம் தள்ளிக்கொள்ள விட வேண்டும். இல்லையென்றால் ஈரம் மேலேறிச் சந்தில் களியாகிவிடும்.

சினைப்பன்றிக்கு இந்தத் தொட்டி வேண்டாம். அதற்குத் தினம் இரண்டு, இரண்டரை கிலோ அளந்துதான் போட வேண்டும், விட்டால் கொழுத்துவிடும். அளவுப் பெட்டி வைத்துப் போடுகிறவர்கள் கலவை மாறும்போதெல்லாம் தராசில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் அரைத்த சோளமும் ஒரு லிட்டர் தவிடும் ஒரே எடை இல்லை, தவிடு பாதிதான் வரும்.

ஓட்டல் மீதியை இதில் போடலாமா என்றால், இறங்கவே இறங்காது. அதைத் தனித் தொட்டியில்தான் வைக்க வேண்டும், அதுவும் நன்றாகக் கொதிக்க வைத்த பிறகு. 2020இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நம் நாட்டுக்குள் வந்ததிலிருந்து இதில் விளையாட முடியாது. அதற்கு மருந்து கிடையாது.

ராசிபுரம் அண்ணன் இப்போது கோலைத் தூக்கிப் போட்டுவிட்டார். ஆனால் விடவில்லை, பால் மறந்த குட்டிகளுக்கு ஒன்று கேட்கிறார். 10 கிலோ குட்டிக்குத் தோள் 5 அங்குலத்துக்குச் சற்று மேல், 6 அங்குலத் தடுப்பு போதும் என்று கணக்குப் போட்டு வெட்டிவிட்டேன். கம்பிதான் சரிவரவில்லை. பெரிய பன்றிக்கு வைத்த கம்பியைக் குட்டியின் மூக்கால் ஆட்ட முடியவில்லை, மெலிதாக வைத்தால் பாலம் உடையவில்லை. பட்டறையில் அது பாதியில் கிடக்கிறது. நாளைக் காலையில் ஒரு ஸ்பிரிங் வைத்துப் பார்க்கப் போகிறேன். வணக்கம்.